மீன்தொட்டியில் வெயில்: விடியற்காலை நான்கு மணி

கல்லடியிலிருந்து:

செடிகள் அடர்ந்த 100 லிட்டர்த் தொட்டி ஒன்றை முன் விறாந்தையில், சீற்றுக் கூரையின் கீழ் வைத்திருந்தேன். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்ததல்லவா, அந்த நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன். பிற்பகலில் நீர் 32 பாகை செல்சியஸைத் தொட்டது. வடிகட்டி நின்றுவிட்டது. ஆனாலும் நியோன் டெட்ராக்கள் பன்னிரண்டும் செடிகளுக்கிடையே அமைதியாகவே நீந்தின. தப்பிவிட்டன என்று நினைத்துப் படுத்தேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தால், எல்லா மீன்களும் நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஏழு மணிக்குள் ஒன்பது இறந்துவிட்டன.

பகல் வெயிலைத் தாங்கிய மீன் ஏன் குளிர்ந்த விடியலில் சாக வேண்டும்? 25 பாகையில் ஒரு லிட்டர் நீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஒட்சிசனைத் தாங்கும். 32 பாகையில் அது 7.3 அளவுக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் மீனுக்கு ஒட்சிசன் தேவையோ கூடுகிறது. பகலில் செடிகள் ஒட்சிசனை வெளியிட்டு அந்தக் குறையை மறைத்துவிடுகின்றன. விளக்கு அணைந்த பிறகு அவையும் மீன்களைப் போலவே ஒட்சிசனை உள்ளிழுக்கின்றன. நான் ஆசையாக வளர்த்த அந்த அடர்த்திதான் இரவில் என் மீன்களோடு மூச்சுக்குப் போட்டி போட்டது. அன்று முதல் மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்ப் ஒன்று தொட்டியின் அருகிலேயே இருக்கிறது. செடி வளரக் காபனீரொட்சைட்டு வாயு கொடுப்பவர்கள் விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.

மறுநாள் பதற்றத்தில் ஐஸ் கட்டிகளைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் 5 பாகை இறங்கியது. மூன்றாம் நாள் மிஞ்சிய மீன்களின் உடலெங்கும் வெள்ளைப்புள்ளி என்ற ஒட்டுண்ணி நோய். கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடியின் இலைகள் கூழாகக் கரைந்தன. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். 30 பாகையில் நிலையாக நிற்கும் நீரில் வாழும் மீன் பல உண்டு. மணிக்கு மணி ஏறி இறங்கும் நீரில் எதுவும் நிம்மதியாக வாழாது.

இப்போது தொட்டி உள்ளறையில், வெயில் படாத சுவரோரம் இருக்கிறது. விளக்கு மாலை ஐந்து மணிக்குத்தான் எரியும். கணினிக்குள் இருக்கும் சிறிய விசிறி ஒன்றை நீர்மட்டத்தின் மேல் சாய்வாகப் பொருத்தியிருக்கிறேன். 1 லிட்டர் நீர் ஆவியாகும்போது 100 லிட்டரை 5 பாகைக்கு மேல் குளிர்விக்கும் அளவு வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அறையின் சூடு ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். எனக்கு 3 பாகை வரை குளிர்ச்சி மிஞ்சும். கச்சான் காற்று உலர்ந்து வீசும் மாதங்களில் இது அருமையாக வேலை செய்கிறது. ஆவியான நீருக்கு ஈடாகக் கிணற்று நீரையே ஊற்றினால் உப்பும் கல்சியமும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். நான் மாரியில் பிடித்துவைத்த மழைநீரை ஊற்றுகிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:

அண்ணன், நீங்கள் வெயிலைச் சொன்னீர்கள், எனக்கு அடி விழுந்தது மாரியில். கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் விசிறியால் பயனில்லை என்று தெரிந்தும் அதை நிறுத்த மறந்திருந்தேன். போதாததற்கு, கூரைத்தாங்கியில் குளிர்ந்து கிடந்த நீரை அப்படியே மாற்றினேன். நீர் 24க்கு இறங்கி, வெள்ளைப்புள்ளி வந்தது. ஹீட்டரை வைத்து இரண்டு நாளில் மெதுவாக 30க்கு ஏற்றி, காற்றுப் பம்பைக் கூடுதலாக ஓடவிட்டு, இரண்டு வாரம் அப்படியே வைத்துத்தான் காப்பாற்றினேன். இந்த ஊரில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதுதான்.

இன்னொன்று. கோராமி வளர்ப்பவர்கள் அது மேலே வருவதை மட்டும் வைத்து ஒட்சிசன் குறைந்துவிட்டது என்று முடிவெடுக்காதீர்கள். அதற்குக் காற்றையே சுவாசிக்கும் உறுப்பு இருக்கிறது, நல்ல நீரிலும் மேலே வரும். அதனுடன் இருக்கும் மற்ற மீன்களைப் பாருங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

நியோன் டெட்ரா பற்றி எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது. அமேசன் காட்டின் நிழலோடைகளில் வாழும் மீன் அது. 26க்கு மேல் நீண்ட நாள் வைத்தால் வாடிப்போகும். அதை ஆவணி வெயிலில் ஒரு சொல்லும் சொல்லாமல் பையில் கட்டிக் கொடுக்கிறார்கள். அதே அழகுக்கு கார்டினல் டெட்ரா இருக்கிறது, 28, 29 பாகையில் நன்றாக வாழும். செடியில் வாலிஸ்நேரியா எனக்கு ஒருபோதும் ஏமாற்றம் தந்ததில்லை. நம் நாட்டுக்கே உரிய கிரிப்டோகோரைன் வென்டியி சூட்டை ஓரளவு தாங்கும், இடமோ நீரின் சூடோ திடீரென மாறினால்தான் இலை கரைக்கும்.

கல்லடியிலிருந்து:

உண்மைதான் தம்பி. அன்று கரைந்துபோன கிரிப்டோகோரைனைப் பிடுங்கி எறியப் போனேன், அம்மா தடுத்தார். வேர் உயிரோடு இருந்தது. ஆறு வாரத்தில் புது இலை விட்டது, இப்போது தொட்டியின் பின்பக்கம் முழுவதும் அதுதான். நேற்று விடியற்காலை நான்கு மணிக்கும் எழுந்து பார்த்தேன். 28.5 பாகை. கார்டினல்கள் செடிகளின் அடியில் கூட்டமாக நின்றன.