வேத வாசிப்புக் கணக்கு: யோசுவா, யோபு, யோவான், அப்போஸ்தலர், ரோமர் மட்டும் 0 காட்டுது. உதவுங்க

பாளை வாசகி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மூணு நாளா இதோட மல்லுக்கட்டுறேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எங்க அம்மா வருஷா வருஷம் வேதாகமம் முழுசும் வாசிச்சு முடிப்பாங்க. சபையில கொடுக்கிற வாசிப்பு அட்டையில ஒவ்வொரு அதிகாரத்துக்கும் பென்சில்ல டிக் போடுவாங்க. போன வருஷக் கடைசியில கண் பார்வை ரொம்ப மங்கிப் போச்சு. அதனால இந்த ஜனவரி 1-ல இருந்து நான் சத்தமா வாசிக்கிறேன், அம்மா கேக்குறாங்க. காலையில பழைய ஏற்பாடு, ராத்திரி குடும்ப ஜெபத்துல புதிய ஏற்பாடு. வார நாள்ல 3 அதிகாரம், ஞாயிறு 5. வாரத்துக்கு 23 ஆச்சு, 52 வாரத்துக்கு 1196. மொத்தம் 1189 அதிகாரம்தான், அதனால வருஷத்துக்குள்ள முடிஞ்சிடும்.

டிக் போடுற வேலையை நோட்ஸ் ஆப்ல வச்சிருக்கேன். நாளுக்கு ஒரு குறிப்பு. அதுல புத்தகம், அதிகாரம், அம்மா ஏதாவது சொன்னா அதுவும். தனியா ஒரு பட்டியல்ல 66 புத்தகத்தோட பேரும் இருக்கு. தினக் குறிப்புகள்ல இருந்து எண்ணி, எதுல எத்தனை அதிகாரம் முடிஞ்சதுன்னு அதுவே காட்டும்.

இப்போ பழைய ஏற்பாட்டுல யோபு வரைக்கும், புதிய ஏற்பாட்டுல ரோமர் வரைக்கும் முடிச்சாச்சு. ஆப் 480-ன்னு காட்டுது. அம்மா "அறுநூறு தாண்டியிருக்கும்டி, ரோமர் முடிச்சோம்லா"ன்னு சொல்றாங்க. பார்த்தா ரோமருக்கு நேரா 0! அம்மா கேட்டா சரியான எண்ணைச் சொல்லணும். அவங்களுக்கு அது வெறும் எண் இல்லை.

நாசரேத் தம்பி:
அக்கா, பேருக்குப் பின்னாடி தெரியாம ஒரு ஸ்பேஸ் விழுந்திருக்கும். "ரோமர்" வேற, ஸ்பேஸோட "ரோமர்" வேறன்னு எடுத்துக்கும். எனக்கு அப்படி ஆகியிருக்கு. போன்ல எழுதின குறிப்பு எல்லாம் லேப்டாப்புக்கு வந்து சேர்ந்துச்சான்னும் பாருங்க.

பாளை வாசகி:
தம்பி, பார்த்துட்டேன். ஸ்பேஸ் இல்லை, எல்லாக் குறிப்பும் வந்திருக்கு. உக்காந்து ஒவ்வொரு புத்தகமா சரிபார்த்தேன். சரியா அஞ்சு புத்தகம்தான் 0. யோசுவா 24, யோபு 42, யோவான் 21, அப்போஸ்தலர் 28, ரோமர் 16. கூட்டினா 131. உண்மையில வாசிச்சது 611. அதுல 131 போனா 480. மத்த எதுலயும் ஒரு அதிகாரம்கூடக் குறையலை. அதுதான் புரியலை.

எழுத்துரு வேலை:
சிஸ்டர், அந்த அஞ்சு பேரையும் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. யோ, யோ, யோ, போ, ரோ. எல்லாத்துலயும் "ஓ"ங்கிற நெடில் இருக்கு. மத்தேயு, மாற்கு, லூக்கா, நெகேமியா எதுலயும் இல்லை. தப்பு அங்கதான்.

"யோ"வுல எழுத்துக்கு முன்னாடி ஒரு இரட்டைக்கொம்பு, பின்னாடி ஒரு கால் வருதில்லையா? கம்ப்யூட்டர்ல இதை ரெண்டு விதமாச் சேமிக்கலாம். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாவும் வைக்கலாம். இரட்டைக்கொம்பு ஒண்ணு, கால் ஒண்ணுன்னு ரெண்டு குறியீடாவும் வைக்கலாம். யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் குறியீடு கொடுக்கிற பொது முறை) விதிப்படி ரெண்டும் ஒண்ணுதான். திரையிலயும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா ரெண்டையும் சமப்படுத்தாம குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிடுற ஆப்புக்கு அது வேற சொல். "ஒ" வரிசைக்கும் இதே கதைதான்.

பட்டியலை எங்க அடிச்சீங்க? தினக் குறிப்புல பேரை எப்படிப் போடுறீங்க?

சோதிச்சுப் பார்க்க ஒரு வழி. "யோ" பக்கத்துல கர்சரை வச்சு பேக்ஸ்பேஸ் ஒருதரம் அழுத்துங்க. என் ஆண்ட்ராய்டு போன்ல, ஒரே குறியீடா இருந்தா "ய" மிஞ்சும். ரெண்டா இருந்தா கால் மட்டும் போய் "யே" மிஞ்சும்.

பாளை வாசகி:
பிரதர், அதேதான்! பட்டியலை லேப்டாப்ல நானே அடிச்சேன். தினக் குறிப்புல போன்ல இருக்கிற வேதாகம ஆப்ல இருந்து பேரைக் காப்பி பண்ணி ஒட்டுவேன். போன்லயே ரெண்டையும் திறந்து பார்த்தேன். பட்டியல்ல "ய" மிஞ்சுது, தினக் குறிப்புல "யே" மிஞ்சுது.

நேத்து ராத்திரி 1 கொரிந்தியர் 1 வாசிச்சோம். அதுவும் 0. நீங்க சொன்ன "ஒ" வரிசை.

நாசரேத் தம்பி:
அப்போ 180 குறிப்புக்கு மேல திருத்தணுமா அக்கா? லேப்டாப்ல மொத்த ஃபோல்டரையும் எடிட்டர்ல திறந்து, கண்டுபிடி-மாற்று போட்டா ஒரே மூச்சுல மாத்திடலாம். முதல்ல ஒரு நகல் எடுத்து வச்சுக்கோங்க.

எழுத்துரு வேலை:
தம்பி சொல்றதும் சரி. ஆனா குறிப்புகளைத் தொடவே வேண்டாம். அம்மா சொன்ன வார்த்தைகள் இருக்கிற இடம் அது. பட்டியலை மட்டும் திருத்துங்க. 66 பேரையும் அதே வேதாகம ஆப்ல இருந்து எடுத்து, ஏற்கனவே அடிச்சதுக்கு மேல ஒட்டிடுங்க. எந்த வடிவம் உசத்தின்னு இங்க கேள்வியே இல்லை. ரெண்டு பக்கமும் ஒரே வடிவமா இருந்தாப் போதும்.

இப்பவே செஞ்சிடுறது நல்லது. இனிமே வர்ற நீதிமொழிகள், யோவேல், ஆமோஸ், யோனா, கொலோசெயர், தெசலோனிக்கேயர், தீமோத்தேயு, பிலேமோன், யாக்கோபு எல்லாத்துலயும் இதே வரிசை எழுத்து இருக்கு.

அதுக்கப்புறம் ஒண்ணு செய்யுங்க. புத்தகத்துக்குப் பேரோட எண்ணும் போடுங்க. ஆதியாகமம் 01, சங்கீதம் 19, யோவான் 43, வெளிப்படுத்தின விசேஷம் 66. எண்ணுறதை அந்த எண்ணை வச்சே எண்ணச் சொல்லுங்க. என்னைக்காவது லேப்டாப்ல பேரை அடிச்சாலும் கணக்கு குலையாது. வரிசைக்கும் உதவும். பேரை வச்சு அகர வரிசைப்படுத்தினா அப்போஸ்தலரும் ஆகாயும் ஆதியாகமத்துக்கு முன்னாடி வந்து நிக்கும்.

திருச்சி ஆசிரியை:
நடுவுல ஒரு வார்த்தை. கத்தோலிக்க வீடுகள்ல இதைச் செய்றவங்க அந்த எண்ணை அப்படியே எடுத்துக்காதீங்க. நம்ம திருவிவிலியத்துல 73 நூல், வரிசையும் மாறும். பேரும் வேற: தொடக்க நூல், விடுதலைப் பயணம், திருப்பாடல்கள். எங்க வீட்டுல நான் வாசிக்கிறது பொது மொழிபெயர்ப்பு, மாமியார் சி.எஸ்.ஐ., அவங்க பழைய மொழிபெயர்ப்பு. ரெண்டு பேருக்கும் ஒரே பட்டியல் போட்டுக் குழம்பி, இப்போ தனித்தனியா வச்சிருக்கோம்.

இன்னொண்ணு அம்மா. அடுத்து சங்கீதம் வருதுல்ல, 119-க்கு 176 வசனம். அன்னைக்கு அதை மட்டும் வாசிங்க. 117-க்கு ரெண்டே வசனம், அது மாதிரி சின்னதுகள்ல ஈடுகட்டிக்கலாம். கேக்குறவங்களுக்குக் கண்ணும் இல்லாம, வேகமாவும் போனா மனசுல நிக்காது.

பாளை வாசகி:
சரியாயிடுச்சு! பட்டியல்ல 66 பேரையும் ஆப்ல இருந்து எடுத்து ஒட்டினேன், பாதி மணி நேரம்கூட ஆகலை. அஞ்சு புத்தகமும் எழுந்து வந்துடுச்சு. நேத்து வாசிச்ச சங்கீதம் 1, 2, 1 கொரிந்தியர் 1 மூணும் சேர்ந்து 614. எண்ணையும் ஒவ்வொண்ணா ஏத்திட்டு இருக்கேன், எண்ணாகமம் வரைக்கும் வந்திருக்கேன்.

டீச்சர், 119-ஐ நீங்க சொன்ன மாதிரி ஒரு நாள் முழுக்க வச்சுக்கிறோம்.

அம்மாகிட்ட 614 முடிஞ்சது, மீதி 575-ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் விரல்ல எண்ணிப் பார்த்தாங்க. "சரியாத்தான் இருக்கு"ன்னாங்க. அப்புறம், அந்தப் பழைய அட்டையை எடுத்துட்டு வரச் சொல்லி, அதுலயும் டிக் போடச் சொன்னாங்க. இன்னைக்கு ராத்திரி போடுறேன்.