சேர்ந்த புதிதில் உங்களுக்குக் கைகொடுத்தவர் யார்?

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.

புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்கள், பதவி உயர்வில் தலைமை ஆசிரியர் ஆனவர்கள் என்று இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் யார் உதவினார்கள், எப்படி என்று எழுதுங்கள். பயிற்சியில் என்ன சொன்னார்கள் என்பது வேண்டாம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மலையடிவார டீச்சர்

என்னுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என் அறையில். 2022இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபிறகு ஒரே அறையில், கற்றலில் பின்தங்கியவர் முதல் முன்னேறியவர் வரை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைப் பிள்ளைகள். மாதிரி வகுப்பில் பார்த்தபோது எளிதாகத்தான் தெரிந்தது. பள்ளியில் ஒரு பக்கம் பேசினால் மறுபக்கம் சண்டை.

பக்கத்து ஊர்ப் பள்ளியின் மூத்த டீச்சர் ஒருவரைக் குறுவள மையக் கூட்டத்தில் (சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடுவது) பார்த்தேன். "ஒருநாள் உன் வகுப்பில் வந்து உட்காரட்டுமா?" என்று கேட்டார். சொன்னபடி வந்தார். நாற்காலி போட்டேன், வேண்டாம் என்று தரையில் அரும்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார். நோட்டு, பேனா எதையும் வெளியில் எடுக்கவில்லை. பாடம் முடிந்ததும் நான் நடத்தியதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஜன்னலோரம் இருக்கிறானே, அவன் இன்னிக்கு வாயத் திறந்தானா?"

நான் அந்தப் பையனைக் கவனிக்கவே நேரமில்லாமல் இருந்தேன். அப்புறம்தான் வழி சொன்னார். "மலர்ப் பிள்ளைங்களுக்கு முதல்ல பயிற்சி நூல்ல வேலையக் கொடுத்து உட்கார வெச்சிடு. மொட்டுல ரெண்டு ரெண்டு பேரா படிக்கச் சொல்லு. நீ அரும்புகிட்ட போய் உட்காரு. நின்னுக்கிட்டே மூணு கூட்டத்தையும் மேய்க்க முடியாதும்மா." மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய நிம்மதி. ஜன்னலோரத்துப் பையன் இப்போது வாயை மூடுவதில்லை, அது வேறு தொல்லை.

பொறுப்பு ஹெச்.எம்.

பாடம் நடத்துவதில் எனக்குப் பயமில்லை. சாவிக்கொத்தைக் கையில் வாங்கிய அன்றுதான் வியர்த்தது. சேர்க்கை நீக்கல் பதிவேடு, இருப்புப் பதிவேடு, ரொக்கப் பதிவேடு என்று பீரோ நிறைய. அலுவலகத்தில் கேட்டால் "சுற்றறிக்கையைப் படிங்க சார்" என்றார்கள்.

பக்கத்துப் பள்ளி ஹெச்.எம். அம்மா ஒருவர்தான் காப்பாற்றினார். முதலில் சொன்னது, "பீரோவையும் இருப்புப் பதிவேட்டையும் ஒத்துப் பாக்காம பொறுப்பேற்புல கையெழுத்துப் போடாதீங்க சார்." அப்புறம் பள்ளிச் செலவுக்கு அரசு தரும் மானியத்தின் கணக்கு. என் பள்ளியில் முப்பதுக்கு மேல் நூறுக்குள் பிள்ளைகள், அதனால் ஆண்டுக்கு 25,000 ரூபாய், அதில் பத்து சதவீதமாவது தூய்மைப் பணிக்கு. இதெல்லாம் தாளில் இருக்கிறது. பில்லை எந்த வரிசையில் ஒட்டுவது, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான எண்ணை எங்கே குறிப்பது என்பதெல்லாம் தாளில் இல்லை. அவர் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. தம் பள்ளியின் ரொக்கப் பதிவேட்டையே எடுத்து என் முன்னால் விரித்து வைத்துவிட்டார். தம் கணக்கை அடுத்தவரிடம் காட்ட எத்தனை ஹெச்.எம்.களுக்கு மனசு வரும்?

இன்னொன்றும் சொன்னார். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். எழுதி வைத்த தீர்மானத்தில் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள், வாசித்துக் காட்டுங்கள் என்றார். எங்கள் தலைவி நூறுநாள் வேலைக்குப் போகிறவர். வாசித்துக் காட்டிய முதல் கூட்டத்திலேயே "பெயின்ட் அப்புறம் அடிக்கலாம், மொதல்ல பொம்பளப் புள்ளைங்க கழிப்பறைக் கதவப் பாருங்க" என்றார்.

ஆசிரியர் பயிற்றுநர்

மேலே டீச்சர் "நோட்டு, பேனா எடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாரே, எங்கள் சிக்கலே அதுதான். நாங்கள் வகுப்புக்குள் போனதும் செயலியைத் திறந்து படிவம் நிரப்ப வேண்டும். போனை எடுத்ததும் புது ஆசிரியர் முகம் மாறிவிடும், கேட்க நினைத்ததைக் கேட்க மாட்டார். மதிப்பிட வருகிறவரிடம் யார்தான் "எனக்கு இது தெரியவில்லை" என்பார்கள்? மதிப்பிடுவது, உதவுவது என்ற இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுப்பது சரியில்லை என்பது என் கருத்து. மேலிடத்துக்கு இது பிடிக்காது. படிவத்தை முடித்துவிட்டுப் போனைப் பையில் போட்டபிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பேன். சிலர் அப்போதுதான் பேசுவார்கள்.

புதுசா சேர்ந்தவன்

எல்லாம் சரி, எனக்கு இப்போதே ஓர் உதவி வேண்டும். நான்காம் வகுப்பில் ஒரு பெண் வந்து சேர்ந்திருக்கிறாள். மாற்றுச் சான்றிதழ் கையில் இருக்கிறது, ஆனால் எமிஸில் (கல்வித்துறையின் இணையவழி மாணவர் பதிவு) இன்னும் பழைய பள்ளியில்தான் காட்டுகிறது. என்ன செய்ய?

பொறுப்பு ஹெச்.எம்.

பழைய பள்ளியில் அவள் பெயரைக் காமன் பூலுக்கு (எமிஸில் பள்ளி மாறும் பிள்ளைகளுக்கான பொதுப் பட்டியல்) விட்டால்தான் தம்பி உங்கள் பக்கம் சேர்க்க முடியும். புகார் எதுவும் எழுதாதீர்கள், அந்த ஹெச்.எம்.முக்கு நேராகப் போன் போடுங்கள். மாலை நான்கரைக்கு மேல் என்றால் எடுப்பார்கள். அப்படியும் ஆகவில்லையென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.