மறு: மிட் டிரைவ் – நடு உந்தியா, மிதியச்சு மோட்டாரா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

மின்சார சைக்கிளில் பெடல் அச்சோடு சேர்த்து வைக்கும் 'மிட் டிரைவ்' மோட்டாருக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். மின்சார மலைசைக்கிள் ஒன்றை ஓட்டுகிறவன் என்ற முறையில் இப்போது வாயைத் திறக்கிறேன்.

> மிட் என்றால் நடு, டிரைவ் என்றால் உந்துதல். எனவே 'நடு உந்தி' என்பதே நேரான ஆக்கம்.

ஐயா மன்னிக்க வேண்டும். உந்திக்குத் தொப்புள் என்றும் பொருள் உண்டு. வண்டியின் வயிற்றுப் பக்கம் இருக்கும் மோட்டாருக்கு அது கொஞ்சம் அதிகமாகவே பொருந்திவிடுகிறது! அக்கா சொன்ன 'நடுவண் இயக்கி'யைக் கேட்டால் டெல்லியிலிருந்து இயங்குகிற மாதிரி இருக்கிறது.

விளையாட்டு போகட்டும். 'நடு' என்ற சொல்லே இங்கே வழிதவற வைக்கிறது. போன மாதம் ஆனைகட்டி ஏற்றத்தில் என் மோட்டார் திடீரென்று நின்றுவிட்டது, திரையில் ஏதோ பிழை எண். தள்ளி, மிதித்து, ஒருவழியாகக் கோவைக்கு வந்து ஒரு சைக்கிள் கடையில் நிறுத்தினேன். இந்தக் குழுவின் புண்ணியத்தில் "நடு மோட்டார் வண்டி, தம்பி" என்றேன். பையன் குந்தி உட்கார்ந்து பின்சக்கரத்தின் நட்டநடுவைத் தடவிப் பார்த்தான். "மோட்டாரையே காணோமுங்ணா?" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. சக்கரத்துக்கும் நடு இருக்கிறது, சைக்கிளின் சட்டத்துக்கும் (ஃபிரேம்) நடு இருக்கிறது. அதுவும் சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்த வண்டிகளைத்தான் அவன் தினமும் பார்க்கிறான். "பெடல் அச்சுல இருக்குது" என்றதும் கை சரியான இடத்துக்குப் போனது.

கடைசியில் கோளாறு மோட்டாரிலேயே இல்லை. வேகத்தை எண்ணுவதற்காக ஸ்போக்ஸ் கம்பியில் மாட்டும் சின்னக் காந்தம் ஒரு விரற்கடை நகர்ந்து, உணரியின் (சென்சார்) நேருக்கு வராமல் போயிருந்தது. பழையபடி நகர்த்தித் திருகை இறுக்கியதும் ஓடிவிட்டது. காசே வாங்கவில்லை.

ஆக, என் பரிந்துரை 'மிதியச்சு மோட்டார்'. பெடலை மிதி என்கிறோம், அது சுற்றும் அச்சு மிதியச்சு. விசை எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடும். அதற்கு ஜோடியாக, சக்கரத்துக்குள் இருப்பது 'குடமோட்டார்'. மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் வந்து சொருகும் நடுப்பகுதியைக் குடம் என்றுதானே சொல்கிறோம்? கையில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எதற்கு அலைய வேண்டும்.

மோட்டார் இருக்கும் இடம் ஏன் முக்கியம் என்றால், மிதியச்சில் விழும் விசை செயின் வழியாக, கியர் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. என் வண்டியில் முன்னால் இருக்கும் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் இருப்பவற்றில் 11 முதல் 51 வரை. மோட்டாரின் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் பலம், 85 நியூட்டன் மீட்டர். பின்னால் 51இல் போட்டால் சக்கரத்தில் அது சுமார் 127 ஆகிறது. 11இல் போட்டால் 27தான். ஏற்றத்தில் மணிக்கு 7 கிலோமீட்டரில் ஏறுகிறேன் என்று வையுங்கள்: 51இல் மிதி நிமிடத்துக்கு 76 சுற்று சுற்றும், 11இல் வெறும் 16. அந்த 16 சுற்றில் மோட்டார் திணறும், கரண்ட் பாதிக்கு மேல் சூடாகவே போகும். கடைக்காரர் என் பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை, அதாவது பல்லடுக்கைப் பார்த்துவிட்டே கேட்டார்: "ஏனுங்க, கியரை எறக்காம முக்க உட்டா அது என்ன பண்ணுமுங்க?"

குடமோட்டாருக்கு இந்தக் கவலை வேறு மாதிரி. கியரை எப்படி மாற்றினாலும் மோட்டாருக்கு ஒன்றுதான். செயின் அறுந்தாலும் அது வீடு சேர்த்துவிடும். மிதியச்சு மோட்டாரில் செயின் அறுந்தால் தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். காலின் பலமும் மோட்டாரின் பலமும் ஒரே செயினில் விழுவதால் அது சீக்கிரம் தேயவும் செய்யும். கியர் மாற்றும் நொடியில் மிதியைத் தளர்த்தச் சொல்வதும் அதனால்தான்.

> 'குறைசுழற்சி மிகைச்சுமை நிலை' என்று வைத்துக்கொள்ளலாம்.

வேண்டாமே. மோட்டார் இப்படி மெதுவாகச் சுற்றித் தவிப்பதற்குத் 'திணறல்' போதும். கடையில் சொல்வது 'முக்குவது', ஆனால் கையேட்டில் 'முக்கல்' என்று அச்சடித்தால் வேறு ஞாபகம் வரும்.

மோட்டாரை 'மின்னோடி' ஆக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோமனூர்ப் பக்கம் போனால் விசைத்தறி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், அந்த ஆக்கம் ஒட்டிக்கொண்டது. கிணற்று மோட்டாரோ இன்னும் மோட்டார்தான், "மோட்டார் போட்டாச்சா" என்றுதான் காட்டில் கேட்பார்கள். அதை அசைக்க என்னால் ஆகாது.

மேலே 'பல்லடுக்கு' என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக இருக்கும் கேசட்டுக்கு நானாகப் போட்டுக்கொண்ட பெயர். பல்லடத்துக்காரர்கள் கிண்டல் செய்வார்கள், தெரியும். அதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள். கியர் மாறும் நொடியில் மோட்டாரை நிறுத்தி வைக்கும் அந்தச் சின்ன உணரிக்கும் பெயர் வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அன்புடன்,
கோவையிலிருந்து