அமைதிப்படை விட்டுவிட்டு வந்தவை

கோத்தகிரி மகள்:
1987-இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதி காக்கும் படை 1990 மார்ச் 24-இல் திரும்பியது. "நம் படை போயிருக்காவிட்டால் ஈழத்தமிழர் அன்றே அழிந்திருப்பார்கள்" என்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்தபின் தூக்கம் வரவில்லை. என் தாத்தா, மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கண்டியிலிருந்து வந்து, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டியவர். பெரியம்மா வட இலங்கையில் வவுனியாவில் தங்கிவிட்டார். 1989-இல் அந்தப் பக்கங்களில் பதின்ம வயதுப் பையன்களைக்கூடப் பிடித்துத் துப்பாக்கி கொடுத்து, நம் ஆதரவோடு ஒரு படை திரட்டினார்கள். நாம் கிளம்பத் தொடங்கியதும் புலிகள் அவர்களை வேட்டையாடினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

வெலிங்டன் ஓய்வு ஹவில்தார்:
அம்மா, நான் அங்கே 14 மாதம் இருந்தவன். 1987 மே மாதம் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இலங்கை ராணுவம் இறங்கியபோது மக்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. ஜூன் 4-இல் நம் விமானங்கள் உணவுப் பொட்டலம் போட்டன, அந்தத் தாக்குதல் நின்றது. ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தால்தான் மாகாண சபைகளுக்கு அதிகாரம் தரும் 13-வது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது, தமிழும் ஆட்சிமொழியானது. அதற்காக ஏறக்குறைய 1,200 வீரர்கள் உயிர் கொடுத்தார்கள். அதை வீண் என்று சொல்ல என்னால் முடியாது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆகஸ்டில் எங்களுக்கு மாலை போட்ட யாழ்ப்பாணத்துச் சந்தில், அக்டோபரில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

கேத்தி விவசாயி:
தலையீடே பாவம் என்று சொல்லாதீர்கள். 1971-இல் வங்கதேசத்துக்குப் போன படை 1972 மார்ச்சில் திரும்பிவிட்டது. 1988-இல் மாலத்தீவில் சதிகாரர்களை விரட்டினோம், அதற்காக அங்கே யார் நம்மைத் திட்டுகிறார்கள்? வேலை முடிந்தும் தங்கியதுதான் தவறு.

கோத்தகிரி மகள்:
அண்ணா, வங்கதேசத்து மக்கள் நம்மை அழைத்தார்கள். இங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ராஜீவ் காந்தி, இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனா இருவரில் யாரும் யாழ்ப்பாணத்துக்காரர் இல்லை. புலிகளை அரைமனதோடு தலையாட்ட வைத்தார்கள், இரண்டரை மாதத்தில் அவர்களோடேயே போர். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் சுடப்பட்டார்கள். தெற்கே நம் படையைக் காட்டியே சிங்கள இடதுசாரிகளான ஜே.வி.பி.யின் கிளர்ச்சி வளர்ந்தது. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை.

ஐயா, நீங்கள் சொல்லும் திருத்தத்தில் காணி (நிலம்), போலீஸ் அதிகாரம் இன்றுவரை கைக்கு வரவில்லை. ஒப்பந்தப்படி இணைத்த வடக்கு, கிழக்கு மாகாணங்களை 2006-இல் நீதிமன்றம் பிரித்துவிட்டது. வடக்குக்குத் தனியாக முதல் மாகாணத் தேர்தல் நடந்ததே 2013-இல்தான்.

வெலிங்டன் ஓய்வு ஹவில்தார்:
கொடுக்காதது கொழும்பின் குற்றம். கேட்பதற்குக் கையில் ஒரு தாளாவது இருக்கிறதே, அது எங்களால் வந்தது. இதிலிருந்து நான் பின்வாங்க மாட்டேன். நாங்கள் கப்பலேறிய மூன்றாம் மாதம் மறுபடி போர் மூண்டது. உங்கள் பெரியம்மா அப்போது எங்கே இருந்தார்?

கோத்தகிரி மகள்:
படகேறி ராமேஸ்வரம் வந்தார், ஐயா. அன்றிலிருந்து அகதி முகாம்தான். அங்கேயே பிறந்த அவருடைய பேத்திக்கு இப்போது 22 வயது. சென்ற மாதம் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை எடுத்து உட்கார்ந்தாள். நாடு என்ற கட்டம் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.