ஹெர்மன் ஷேர்: சூரியனைக் கூரைக்குக் கொண்டுவந்தவரா, மின்கட்டணத்தை ஏற்றிவிட்டவரா?

வெயில்விரும்பி:
ஜெர்மனி நாடாளுமன்றத்தில் 1980 முதல் 2010 அக்டோபரில் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்த ஹெர்மன் ஷேர், ஒரு நாள்கூட மத்திய அமைச்சராக இருந்ததில்லை. ஆனாலும் எந்த எரிசக்தி அமைச்சரையும்விட அதிகம் சாதித்தவர் அவர்தான் என்பது என் வாதம். 2000 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தை அமைச்சகம் கொண்டுவரவில்லை. ஷேரும் அவருடைய கூட்டாளிகளும் உறுப்பினர்கள் என்ற முறையில் முன்னெடுத்தார்கள். உங்கள் கூரையில் விளையும் சூரிய மின்சாரத்தை மின்கட்டமைப்பு நிறுவனம் வாங்கியே தீர வேண்டும், யூனிட்டுக்கு 99 ஃபென்னிக் (அன்றைய ஜெர்மன் காசு, நூறு சேர்ந்தால் ஒரு மார்க்), இருபது ஆண்டுகளுக்கு. சட்டம் வந்தபோது புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம். 2023இல் அது பாதியைத் தாண்டிவிட்டது. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை:
வந்துவிட்டேன். அந்த 99 ஃபென்னிக் அன்றைய வீட்டு மின்கட்டணத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அது யார் பையிலிருந்து வந்தது? எல்லோருடைய மின்கட்டண ரசீதிலும் ஒரு கூடுதல் கட்டணம் ஏறியது. 2017இல் யூனிட்டுக்கு 6.88 யூரோ சென்ட். ஆண்டுக்கு 3,500 யூனிட் செலவழிக்கும் குடும்பம் 240 யூரோ கட்டியிருக்கும். கூரை உள்ளவருக்கு வருமானம், கூரை இல்லாதவருக்குத் தண்டம். இதற்கு ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது வேறு!

புதியவன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவர் பசுமைக் கட்சிக்காரர்தானே?

வெயில்விரும்பி:
இல்லை, சமூக ஜனநாயகக் கட்சி. சட்டத்தில் அவருடன் தோள் கொடுத்த ஹான்ஸ்-யோசெஃப் ஃபெல்தான் பசுமைக் கட்சி. இன்னொரு வேடிக்கை: ஷேர் நாடாளுமன்றத்துக்கு வருமுன் வேலை பார்த்த இடம் கார்ல்ஸ்ரூஹே அணு ஆராய்ச்சி மையம். உள்ளே இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்து எதிர்த்தவர்.

கணக்குப்பிள்ளை ஐயா, அந்த மாற்று நோபல் 1999இல் கிடைத்தது, சட்டத்துக்கு முன்பே. இப்போது பணத்துக்கு வருவோம். அரசுக் கருவூலத்திலிருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வோர் ஆண்டும் நிதியமைச்சர் கத்தரிக்கோலோடு வந்திருப்பார். நாளைக்கு என்ன விலை என்று தெரியாதவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? இருபது ஆண்டு உறுதி இருந்ததால்தான் விவசாயியும் பள்ளி ஆசிரியரும் கடன் வாங்கிக் கூரையில் சூரியத் தகடு பதித்தார்கள். இதற்கு முந்தைய சட்டத்தின் மீதான வழக்கில், பணம் கருவூலத்திலிருந்து வராததால் இது ஐரோப்பிய ஒன்றிய விதிகள் கட்டுப்படுத்தும் அரசு உதவி ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றமே 2001 மார்ச்சில் சொன்னது. அந்த அமைப்புதான் சட்டத்தைக் காப்பாற்றியது.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் சாமர்த்தியம் என்று சொல்வதைத்தான் நான் குற்றம் என்கிறேன். வருமான வரியிலிருந்து கொடுத்தால் வசதியானவர் அதிகம் கொடுப்பார். யூனிட் கணக்கில் வசூலித்தால் ஓய்வூதியக்காரரும் மாளிகைக்காரரும் ஒரே விகிதம். கடைசியில் 2022 ஜூலையில் அந்தக் கட்டணத்தை ரத்து செய்து, அரசே செலவை ஏற்றுக்கொண்டது. முதலிலேயே செய்ய வேண்டியதைச் செய்ய இருபத்திரண்டு ஆண்டுகள்.

ஸ்டுட்கார்ட் குடித்தனக்காரர்:
நீங்கள் இருவரும் சண்டை போடுவது என் மின்கட்டண ரசீதைப் பற்றி, ஆகையால் நானும் பேசலாம் அல்லவா? வாடகை வீட்டில் இருக்கிறேன். மேலே வீட்டுக்காரரின் தகடுகள், கீழே எனக்கு ரசீது. பல ஆண்டுகள் எரிச்சலோடுதான் கட்டினேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஷேர் இறந்த 2010இல் அந்தக் கட்டணம் 2.05 சென்ட். அடுத்த ஆண்டே 3.53. மின்சாரத்தை அதிகம் விழுங்கும் பெரிய ஆலைகளுக்கு இருந்த விலக்கைப் பின்னர் இன்னும் விரிவாக்கி, அவர்கள் பங்கையும் எங்கள் தலையில் வைத்தார்கள். கூடவே, 2010 முதல் இந்த மின்சாரம் முழுவதும் சந்தையில் விற்கப்பட்டது. வெயில் நன்றாக அடித்தால் சந்தை விலை விழும். விலை விழுந்தால் உறுதியளித்த தொகைக்கும் சந்தை விலைக்கும் இடையிலான பள்ளம் பெரிதாகும். அந்தப் பள்ளத்தை நிரப்புவது நாங்கள். மலிவாக விளைந்ததால் எனக்கு விலை ஏறியது! இதை அவர் கணக்கில் எழுதுவது நியாயம் இல்லை.

கணக்குப்பிள்ளை:
ஆலை விலக்கை ஒத்துக்கொள்கிறேன். இருபது ஆண்டு உறுதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். தகட்டின் விலை சரசரவென்று இறங்கிய காலத்திலும் பழைய விலையில் பூட்டிவைத்த ஒப்பந்தங்கள் ஓடிக்கொண்டிருந்தன. லாபம் யாருக்கு? சூரிய மின்கலம் செய்த ஜெர்மன் நிறுவனமான கியூ-செல்ஸ் 2012இல் நொடித்துப்போனது. தகடு சீனாவிலிருந்து வந்தது. ஜெர்மானியக் குடித்தனக்காரர் கட்டிய காசில் சீனத் தொழிற்சாலை வளர்ந்தது.

வெயில்விரும்பி:
வளரட்டுமே! இன்று உலகத்தில் எந்த ஏழை நாடும் தகடு வாங்க முடிகிறதென்றால், அன்று ஜெர்மனி அதிக விலை கொடுத்துச் சந்தையை உருவாக்கியதும் ஒரு காரணம். ஷேர் ஜெர்மனிக்காக மட்டும் யோசித்தவர் அல்ல. 2009 ஜனவரி 26 அன்று பான் நகரில் 75 நாடுகள் கையெழுத்திட்டு உருவான சர்வதேச புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை, அவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக விடாமல் வலியுறுத்திய யோசனை.

புதியவன்:
அப்படிப்பட்டவரை ஏன் அமைச்சராக்கவில்லை?

கணக்குப்பிள்ளை:
வாய்தான் காரணம். 1999இல் கொசோவோ போரில் ஜெர்மனி இறங்கியபோது சொந்தக் கட்சியின் அரசையே எதிர்த்தார். ரயில்வேயைத் தனியாருக்கு விற்பதையும் எதிர்த்தார். சகாரா பாலைவனத்தில் விளையும் மின்சாரத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுவரும் டெசர்டெக் திட்டத்தையும் விடவில்லை. சூரிய மின்சாரம்தானே அதுவும்? 2008இல் ஹெஸ்ஸன் மாநிலத்தில் அமைச்சராக்க ஏற்பாடு நடந்தது. சொந்தக் கட்சியின் நான்கு உறுப்பினர்களே காலை வாரிவிட, ஆட்சியே அமையவில்லை.

வெயில்விரும்பி:
டெசர்டெக்கை எதிர்த்ததில் முரண்பாடு எதுவும் இல்லை. நிலக்கரி முதலாளிக்குப் பதிலாகப் பாலைவன முதலாளி வருவதற்கு அவர் பாடுபடவில்லை. விளைச்சல் அவரவர் வீட்டில் இருக்க வேண்டும் என்றார்.

ஸ்டுட்கார்ட் குடித்தனக்காரர்:
அவரவர் வீடு என்றதும் நினைவுக்கு வருகிறது. இப்போது குடித்தனக்காரர்களும் பால்கனியில் தகடு மாட்டலாம், 800 வாட் வரை. நானும் இரண்டு மாட்டியிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
மிஞ்சும் மின்சாரத்துக்கு உங்களுக்கு என்ன கொடுக்கிறார்கள்?

ஸ்டுட்கார்ட் குடித்தனக்காரர்:
நான் வாங்குவதில்லை. சில யூனிட் காசுக்காக அந்தப் படிவங்களையெல்லாம் யார் நிரப்புவது? அது பாட்டுக்குக் கம்பி வழியே போகிறது. வீட்டுக்காரர் மட்டும் இன்னும் பழைய விலையில்தான் காசு வாங்கிக்கொண்டிருக்கிறார்.