தி வால்: இரண்டாவது தட்டு தேவையா?

கிடார்பித்தன்:
நேற்று ராத்திரி பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' (சுவர்) ஆல்பத்தை முழுசாகக் கேட்டேன். 1979-ல் வந்தது, இரண்டு இசைத்தட்டு, 26 பாட்டு, 80 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. என் தீர்ப்பு இது: முதல் தட்டு அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் 'ஹே யூ', 'கம்ஃபர்டபிளி நம்', 'ரன் லைக் ஹெல்' மூன்றும் போதும். மீதியெல்லாம் மெகா சீரியல் இழுவை. 'வேரா' பாட்டைத் தனியாகப் போட்டுக் கேட்ட ஒரு ஆளைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

சுவர்க்கோழி:
தனியாகக் கேட்கவா அதைப் போட்டார்கள்? வேரா என்பது வேரா லின். 'மறுபடி சந்திப்போம்' என்று இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பாடியவர். குழுவின் பாடலாசிரியர் ரோஜர் வாட்டர்ஸின் அப்பா 1944-ல் இத்தாலியில் ஆன்சியோ சண்டையில் இறந்தார். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். எங்கே மறுபடி சந்திப்பது? முதல் பாட்டின் முடிவில் போர்விமானம் பாய்ந்து இறங்கும் சத்தமும் குழந்தை அழுகையும் வருமே, அதற்குப் பதில் இந்த ஒன்றரை நிமிடத்தில்தான் இருக்கிறது.

கிடார்பித்தன்:
உருக்கமாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதையைப் பாருங்கள். நாயகன் பிங்க்குக்கு அப்பா இல்லை, அம்மா பொத்திப் பொத்தி வளர்த்தார், வாத்தியார் அவமானப்படுத்தினார், மனைவி வேறொருவனிடம் போனாள். அவன் தன்னைச் சுற்றி எழுப்பிக்கொள்ளும் மனச்சுவருக்கு ஆளுக்கொரு செங்கல். அவனே வைத்த செங்கல் ஒன்றுகூடக் கிடையாதா? வசதியான ராக் ஸ்டாரின் புலம்பல், அவ்வளவுதான்.

சுவர்க்கோழி:
சார், ஆல்பத்துக்கு விதையே அவர் செய்த தப்புதான். ஜூலை 1977, மாண்ட்ரியால் ஒலிம்பிக் ஸ்டேடியம். மேடைக்கு முன்னால் ரகளை செய்த ரசிகர் மேல் வாட்டர்ஸ் காறித் துப்பினார். தன்மேலேயே வந்த அந்த அருவருப்பிலிருந்துதான் சுவர் முளைத்தது. நீங்கள் வெட்டச் சொல்லும் இடத்தில்தான் பிங்க் மேடையில் பாசிஸ்டாக மாறி, கூட்டத்தில் யார் யாரைச் சுவரோரம் நிறுத்தலாம் என்று கத்துகிறான். 'த டிரையல்' பாட்டில் அவனைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். இதையெல்லாம் எடுத்துவிட்டால் குற்றமும் போச்சு, விசாரணையும் போச்சு. அப்புறம் மிஞ்சுவது நீங்கள் சொன்ன புலம்பல்தான்!

கீபோர்டுகட்சி:
இரண்டு பேருமே இதை வாட்டர்ஸின் சொந்தச் சொத்து மாதிரி பேசுகிறீர்கள். 'கம்ஃபர்டபிளி நம்' மெட்டு கிடாரிஸ்ட் டேவிட் கில்மருடையது. 'அனதர் பிரிக் இன் தி வால்' பாட்டின் இரண்டாம் பாகத்தில் இருந்தது ஒரே சரணம். அதற்கு டிஸ்கோ தாளம் போடச் சொன்னவர் தயாரிப்பாளர் பாப் எஸ்ரின். லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகளை அதே வரிகளைப் பாட வைத்துச் சேர்த்ததும் அந்தக் கட்டத்தில்தான். பிரிட்டனில் 1979 கிறிஸ்துமஸுக்கு அதுதான் முதலிடம். அடுத்த வருஷம் தென் ஆப்பிரிக்காவில் பள்ளிகளைப் புறக்கணித்த கறுப்பின மாணவர்கள் அதைப் பாடினார்கள், அரசு தடை போட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு பிங்க்கின் கதை எதற்கு?

இன்னொன்று. கீபோர்டு வாசித்த ரிக் ரைட்டைக் குழுவிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு, கச்சேரிகளுக்கு மட்டும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். மேடையில் தினமும் சுவர் கட்டி இடித்ததில் மற்ற மூவருக்கும் நஷ்டம், சம்பளக்காரர் மட்டும் காசு பார்த்தார். எனக்குப் பிடித்த 'கான்செப்ட்' இதுதான்.

கிடார்பித்தன்:
ஹா ஹா. சுவர்க்கோழி, உங்கள் விசாரணை வாதம் குத்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆல்பத்தின் வரிசையை என்னவோ வேதம் மாதிரி பேசுகிறீர்களே? 'ஹே யூ' கடைசி நேரத்தில்தான் மூன்றாம் பக்கத்தின், அதாவது இரண்டாவது தட்டின், முதலுக்கு வந்தது. உறையில் அதன் வரிகள் பழைய இடத்திலேயே அச்சாகிவிட்டன. இடமில்லாமல் தூக்கிய ஒரு பாட்டின் வரிகளும் கூடவே இருக்கின்றன. இந்த ஆல்பத்தை வைத்து 1982-ல் வந்த படத்தில் 'ஹே யூ'வே கிடையாது. அவர்கள் வெட்டலாம், நான் வெட்டக்கூடாதா?

சுவர்க்கோழி:
தாராளமாக வெட்டுங்கள், உங்கள் காது. ஆனால் அந்த இடமாற்றம் எனக்கு என்ன செய்தது தெரியுமா? அண்ணன் 90 நிமிட கேசட்டில் பதிந்து கொடுத்தது, பக்கத்துக்கு ஒரு தட்டு. முதல் பக்கக் கடைசியில் 'குட்பை குரூயல் வேர்ல்ட்'. கடைசிச் செங்கலும் வைத்தாயிற்று. அப்புறம் ஐந்தாறு நிமிடம் வெறும் உஸ்ஸ்ஸ். நான் ஓட்டிவிட மாட்டேன். பட்டன் டக்கென்று எழும்பும், கேசட்டைத் திருப்பிப் போடுவேன். சுவருக்குப் பின்னாலிருந்து ஒருத்தன் கூப்பிடுவான், 'ஹே யூ' என்று. வேறெந்தப் பாட்டும் அங்கே நிற்காது.

கீபோர்டுகட்சி:
சரி, இதற்கு நான் எதிர்ப்பேச்சு பேசவில்லை.

கிடார்பித்தன்:
நானும்தான். ஆனாலும் 'த டிரையல்'? ஆர்கெஸ்ட்ரா, கோணல் குரல்கள், நாடகக் கொட்டகை சத்தம். காது கூசுகிறது.

சுவர்க்கோழி:
அதைத் தாண்டி ஓட்டுகிற ஆள் கடைசிப் பாட்டின் முடிவை ஒழுங்காகக் கேட்டிருக்க மாட்டார். அங்கே ஒருவர் பாதி வாக்கியம் பேசுவார், பட்டென்று அறுந்துவிடும். மீதிப் பாதி முதல் பாட்டின் ஆரம்பத்தில் இருக்கிறது.

கிடார்பித்தன்:
இருபது வருஷமாகக் கேட்கிறேன், இதைக் கவனிக்கவே இல்லையே! ஹெட்ஃபோனை எடுத்துவிட்டேன். 'த டிரையலை' மட்டும் ஓட்டித்தான் விடுவேன்.