ஜோபர்க் குளிர்ல பாஸ்டன் ஃபெர்ன் கொட்டுது, என்ன பண்றது?

மிட்ராண்ட்_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். கோயம்புத்தூர்லேருந்து வந்து இங்க தென்னாப்பிரிக்கா ஜோஹன்னஸ்பர்க் (ஜோபர்க்) பக்கம் இது முதல் குளிர்காலம். ஏப்ரல்ல நர்சரில ஒரு பாஸ்டன் ஃபெர்ன் (வீட்டுக்குள்ள வளர்க்கற பெரணிச் செடி) வாங்குனேன், அப்ப பச்சைப்பசேல்னு தொங்குச்சு, இப்ப ஜூலைல நுனியெல்லாம் பழுப்பாகி தொட்டாலே பொலபொலன்னு உதிருது, பெருக்கி மாளல. யூட்யூப்ல எல்லாரும் வடக்கு ஜன்னல்ல வைங்கன்னுதான் சொல்றாங்க, அங்கதான் இருக்கு, ரெண்டு வேளை ஸ்ப்ரேயும் அடிக்கிறேன். இன்னொண்ணு, சில இலைக்கு அடியில வரிசையா பழுப்பு புள்ளி, பூச்சியா? மருந்து அடிக்கலாமா?

டர்பன்_கோமதி:
மொதல்ல அந்த வடக்கு ஜன்னல்லேருந்து எடும்மா. வீடியோ போடறவங்க அமெரிக்கா, இங்கிலாந்து ஆளுங்க, அங்க வடக்குப்பக்கம் நேர் வெயில் அவ்வளவா வராது. நாம இருக்கறது பூமியோட தெற்குப் பாதி, இங்க சூரியன் வடக்குப்பக்கமாத்தான் போகும், குளிர்காலத்துல தாழ்வா வேற போறதால வெயில் ரூமுக்குள்ள நல்லா நீண்டு வரும். நமக்கு தெற்கு ஜன்னல்தான், இல்லேன்னா காலை வெயில் மட்டும் படற கிழக்கு.
புள்ளிக்கு மருந்து வேண்டாம், வரிசையா ஒரே அளவுல இருந்தா அது வித்துக்கூடு, ஃபெர்ன் பூக்காது காய்க்காது, பொதுவா ஃபெர்ன் வகைங்க இந்த வித்து மூலமா பரவும். கண்டபடி சிதறி, நகத்தால சுரண்டுனா பேர்ந்து வந்து, இலை பிசுபிசுன்னு இருந்தா அது செதில் பூச்சி. அப்பவும் ஈரத்துணியால துடைச்சிப் பாரு, எண்ணெய் மருந்து ஃபெர்ன் இலையக் கருக்கிடும்.

பிரிட்டோரியா_முருகன்:
அக்கா சொன்ன ஜன்னல் சரிதான், ஆனா பாதி பிரச்சினை காத்துல இருக்கு சிஸ்டர். ஜோபர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம், குளிர்காலத்துல மழையே கிடையாது, பிற்பகல்ல ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ போறதெல்லாம் சகஜம், அதுக்கு மேல ஹீட்டர் வேற. ஸ்ப்ரே அடிச்சா கொஞ்ச நேரத்துல காஞ்சிரும், மனசு திருப்திதான் மிச்சம். கூழாங்கல் தட்டும் (தண்ணி ஊத்துன கூழாங்கல் மேல தொட்டிய வைக்கறது) எனக்கு நம்பிக்கையில்ல. ஹ்யூமிடிஃபையர் (காத்துல ஈரம் ஏத்தற மெஷின்) இருந்தா போடுங்க, இல்லேன்னா வெளிச்சம் வர்ற பாத்ரூம்ல ஆகஸ்ட் முடியற வரை வைங்க, எங்க வீட்ல அப்படித்தான். மண்ணு ஒருதடவை முழுசா காஞ்சாலும் உதிரும், அதுக்காக தொட்டித் தட்டுல தண்ணி தேங்கவும் விடாதீங்க, வேர் அழுகிடும். ராத்திரி பால்கனில மட்டும் வைக்காதீங்க, உறைபனி ஒரே ராத்திரில முடிச்சிரும்.

டர்பன்_கோமதி:
கூழாங்கல் தட்டு பத்தி தம்பிகூட எனக்கு சண்டை உண்டு, ஆனா நான் டர்பன்ல இருந்து பேசறேன், இங்க கடல் காத்துக்கு வராண்டால தொங்கவிட்டா அதுவா வளருது, அதனால இதுல என் பேச்சை எடுத்துக்காதே.

மிட்ராண்ட்_செல்வி:
ரொம்ப நன்றிக்கா, அண்ணா. தெற்கு ரூமுக்கு மாத்திட்டேன். காஞ்சத வெட்டிடலாமா? உரம்?

பிரிட்டோரியா_முருகன்:
முழுசா காஞ்ச மட்டைய அடியோட வெட்டுங்க, நுனி மட்டும் பழுத்தா விட்ருங்க. உரம் இப்ப வேண்டாம், செப்டம்பர்ல சுருண்ட குருத்து வர ஆரம்பிச்சதும் பாக்கெட்ல சொன்னதுல பாதி அளவு, மாசம் ஒருதடவை.

டர்பன்_கோமதி:
தொட்டி மாத்தறப்ப வேர்ல குட்டி குட்டி உருண்டைக் கிழங்கு இருந்தா அது பாஸ்டன் இல்ல, வேற வாள் ஃபெர்ன். எங்க பக்கம் ஓடைக்கரையெல்லாம் பரவிக் கெடக்கு, அரசாங்கமே ஆக்கிரமிப்புச் செடி பட்டியல்ல வெச்சிருக்கு, அதுவா இருந்தா வெளிய கொட்டாம பையில கட்டிப் போடு.